ராபியா மாமி கொண்டுபோன குப்பி

ஃப்ரீசரைத் திறந்ததும் மாஜிதாவின் கண்ணில் பட்டது மீன்தான். சீலா மீன் துண்டுகள் பாலிதீன் பையில் கல்லாக உறைந்து கிடந்தன. அதற்குப் பின்னால், நேற்று சாயங்காலம் தன் கையாலேயே வைத்த நீல மூடி டப்பா இருக்க வேண்டும். மீனை எடுத்து அடுப்பு மேடையில் போட்டாள். ஐஸ் தட்டை எடுத்துப் போட்டாள். போன நோன்புக்கு வாங்கி மிஞ்சிய பேரீச்சம்பழம்கூட அகப்பட்டது, டப்பா அகப்படவில்லை.

அந்த வீட்டு ஃப்ரீசரில் எப்போதும் சீலா மீன் கிடக்கும். வாங்கி வைக்கிற ராபியா மாமி அதை வாயில் வைக்க மாட்டார், தின்றால் உடம்பெல்லாம் அரிக்கும். பிறகு எதற்கு வாங்கி அடைக்கிறார் என்று மருமகள் மாஜிதா கேட்டதும் இல்லை, மாமி சொன்னதும் இல்லை.

"மாமி," என்று கூப்பிட்டுப் பார்த்தாள். வீடு பதில் பேசவில்லை. போன் போட்டாள். ஃப்ரிட்ஜின் தலையிலிருந்தே மணி அடித்தது. மாமி வெளியே கிளம்பினால் குடையை எடுப்பார், பர்ஸை எடுப்பார், போனை மட்டும் தொலைந்துவிடும் என்று வீட்டில் பத்திரமாக வைத்துவிட்டுப் போவார். ஷார்ஜாவில் இருக்கும் மகன் ஹுஸைஃபா இதைச் சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துவிட்டான்.

டப்பாவில் அப்படி என்ன தங்கமா இருந்தது என்று கேட்பீர்கள். தங்கம் என்றால் தென்காசியிலேயே வேறு வாங்கிக்கொள்ளலாம். உள்ளே இருந்தது சுண்டுவிரல் உயரக் கண்ணாடிக் குப்பி. அதன் அடியில் ஒட்டினாற்போல் கொஞ்சம் வெள்ளைப் பொடி. பெண்ணுக்குக் கர்ப்பம் தரித்ததும் உடம்பில் ஊறுகிற ஹார்மோன் இருக்கிறதல்லவா, அதுதான் அது. ஆனால் எந்தப் பெண்ணிடமிருந்தும் எடுத்தது இல்லை. மனித மரபணுவை வெள்ளெலியின் செல்லுக்குள் வைத்து, அந்தச் செல்லைத் தொட்டியில் வளர்த்து, அதைச் சுரக்க வைத்து, சுத்தம் பண்ணி, உறைய வைத்துக் காயவைத்த சரக்கு. ஆராய்ச்சிக் கூடத்துக்கு மட்டும் உள்ளது.

குற்றாலம் போகிற வழியில், இலஞ்சி விலக்குக்குப் பக்கத்தில், தில்லைநாயகம் அண்ணாச்சி ஒரு சின்ன லேப் வைத்திருந்தார். கர்ப்பம் பார்க்கிற கார்டு செய்கிற லேப். மாஜிதா அங்கேதான் மூன்று வருஷமாக வேலை பார்க்கிறாள், அந்தக் கார்டின் கோடு அவள் கைப்பக்குவத்தில் வந்தது. கார்டு சரியாக வேலை செய்கிறதா என்று சோதிக்க இதுவரைக்கும் ஆஸ்பத்திரிகளில் கேட்டு வாங்கிய கர்ப்பிணிகளின் சிறுநீரைத்தான் நம்பியிருந்தார்கள். அண்ணாச்சி அதை ஸ்கூட்டரில் பாட்டில் பாட்டிலாகக் கொண்டுவருவார். ஒருமுறை சோதனைச் சாவடியில் போலீஸ்காரர் நிறுத்தி, என்னவே இது என்று மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டார். அன்றிலிருந்து அண்ணாச்சியின் வண்டியை அந்தப் பக்கம் யாரும் நிறுத்துவதில்லை.

சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். ஒருத்தியினுடையதில் ஹார்மோன் அதிகம் இருக்கும், இன்னொருத்தியினுடையதில் குறைச்சலாக இருக்கும். இவ்வளவு கொஞ்சமான அளவைக்கூட எங்கள் கார்டு காட்டும் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்ல அது உதவாது. அதற்குத்தான் இந்தக் குப்பி. நாளைக்குக் காலையில் மதுரையிலிருந்து மொத்தமாக வாங்குகிற கம்பெனிக்காரர்கள் வருகிறார்கள். அவர்கள் கண் முன்னால் இந்தப் பொடியின் கரைசலைச் சொட்டுவிட்டுக் கோட்டைக் காட்ட வேண்டும். காட்டினால் லேப் பிழைக்கும். காட்டாவிட்டால் அண்ணாச்சி ஷட்டரை இறக்கிவிட்டு மங்குஸ்தான் பழம் விற்கப் போக வேண்டியதுதான். புதிதாக இன்னொரு குப்பி வரவழைக்க ஒரு மாதமாகும்.

குப்பி வீட்டுக்கு வந்த கதை வேறு. இன்று குற்றாலம் பக்கம் பராமரிப்புக்காகப் பகல் முழுக்கக் கரண்ட் கிடையாது என்று அறிவித்துவிட்டார்கள். லேப் இன்வெர்ட்டருக்கு ஃப்ரீசரை இழுக்கிற தெம்பு இல்லை. இருப்பது ஒரே குப்பி, எதற்கும் குளிரிலேயே இருக்கட்டும், கடையநல்லூரில் கரண்ட் இருக்கும் என்று மாஜிதா வீட்டுக்குக் கொண்டுவந்தாள். "லேப் சாமான் மாமி, தொட்டுராதீங்க," என்று மட்டும் சொன்னாள். தொடாதே என்று சொன்ன பொருளைத் தொடாமல் இருக்கிற மனுஷர் இந்த ஜில்லாவில் இன்னும் பிறக்கவில்லை.

தெருமுனையில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கும் துல்கர்னைனுக்குத் தெரியாமல் அந்தத் தெருவிலிருந்து ஒரு பூனைகூட வெளியே போக முடியாது. மாஜிதா அங்கே ஓடினாள்.

"மாமியத் தேடுதியாம்மா? அவுக அப்பவே பஸ் ஏறிட்டாகளே," என்றான் துல்கர்னைன். முகமெல்லாம் ஒரே சிரிப்பு. "எல்லாம் நல்லபடியா நடக்கும். நான் யாருட்டயும் மூச்சு விட மாட்டேன்."

"என்னத்த மூச்சு விட மாட்டீங்க?"

"மருந்து வந்திருக்குல்லா. மாமி கொண்டாந்து காமிச்சு, வாசிச்சுச் சொல்லுன்னாக. ஹெச்.சி.ஜி.ன்னு போட்டிருந்துச்சு. புள்ளைக்குப் போடுத ஊசில்லா அது. நம்ம கடையிலயே எத்தன பேருக்கு வரவழைச்சுக் குடுத்திருக்கேன்."

அவன் சொன்னதிலும் முழுப் பொய் இல்லை. அதே ஹார்மோனை மருந்தாகவும் செய்கிறார்கள், ஆனால் அது வேறு தரம், வேறு குப்பி. "அதுக்குக் கீழயே ஆராய்ச்சிக்கு மட்டும், மனுசருக்குப் போடக்கூடாதுன்னு பொடி எழுத்துல இருக்குமே அண்ணே," என்றாள் மாஜிதா.

துல்கர்னைன் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தான். "கண்ணாடிய வீட்டுல வச்சுட்டு வந்துட்டேன்மா."

"எந்த ஊரு பஸ்ஸு ஏறினாக?"

"தென்காசிக்கு. மஜீது லெப்பைட்ட ஓதி வாங்கிட்டு வாரேன்னாக. ஒடம்புக்குள்ள போற மருந்துல்லா."

ராபியா மாமியின் வீட்டில் இருமல் டானிக்காக இருந்தாலும் சரி, லெப்பை துவா சொல்லி ஓதாமல் ஒரு சொட்டு தொண்டையில் இறங்காது. லெப்பை பாட்டிலை வாங்குவார், மூடியைத் திறப்பார், ஓதுவார், ஓதி முடித்துப் பாட்டிலின் வாய்க்குள் ஊதுவார். மூடியைத் திறந்து ஊதினால்தான் மாமிக்கு மனசு ஆறும். வெயில்கூடப் பரவாயில்லை, காயவைத்த பொடி ஒரு பகலைத் தாங்கிக்கொள்ளும். திறந்து ஊதிவிட்டால் ஈரமும் எச்சிலும் உள்ளே போய்விடும். நாளைக்குக் கார்டில் என்ன கோடு வந்தாலும் அதை நம்ப முடியாது.

ஸ்கூட்டரை எடுத்தாள். அச்சன்புதூர் விலக்கு தாண்டுகிறவரைக்கும் குப்பியைப் பற்றித்தான் நினைத்தாள். அதற்குப் பிறகு மாமியைப் பற்றி நினைக்கத் தொடங்கினாள், அது குப்பியைவிட மோசமாக இருந்தது.

கல்யாணமாகி எட்டு வருஷம். திருநெல்வேலி ஆஸ்பத்திரி, நாகர்கோவில் ஆஸ்பத்திரி, ஊசி, மாத்திரை, மறுபடியும் ஊசி. கடைசியாக ஹுஸைஃபா லீவில் வந்திருந்தபோது இரண்டு பேரும் மொட்டை மாடியில் உட்கார்ந்து பேசினார்கள். போதும் என்று முடிவு பண்ணினார்கள். அழுகை வரும் என்று பார்த்தால், மாஜிதாவுக்குப் பசிதான் வந்தது. அவ்வளவு நிம்மதி. ஆனால் அதை மாமியிடம் சொல்ல இரண்டு பேருக்கும் நாக்கு எழவில்லை. "அடுத்த லீவுல பாப்போம் மாமி" என்றே ஒப்பேற்றிக்கொண்டு வந்தாள். இரண்டு வருஷம் ஓடிவிட்டது.

இப்போது குப்பியைத் திருப்பிக் கேட்க வேண்டுமென்றால், இது பிள்ளைக்கு இல்லை என்று மாமியின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். ஒரே மகன் வீட்டில் ஒரு பேரப்பிள்ளைக்காகப் பஸ் ஏறிப் போயிருக்கிறவரிடம், அதெல்லாம் கிடையாது என்று எப்படிச் சொல்வது? மாஜிதாவுக்கு வண்டியைத் திருப்பிக்கொண்டு எங்கேயாவது போய்விடலாம் போல் இருந்தது.

தென்காசியில் லெப்பையின் வீட்டுக் கதவைத் தட்டினாள். அவர் மனைவி முறத்தோடு வந்து நின்றார்.

"அவுகளா? ஐந்தருவிக்குக் குளிக்கப் போயிருக்காக. சாரல் விழுந்துட்டுன்னா அவுகள வீட்டுல கட்டிப் போட முடியாது."

"எங்க மாமி வந்தாகளா?"

"வந்தாகளே. நான் அங்கனயே போய்ப் பாத்துக்கிடுதேன்னு ஆட்டோ புடிச்சுட்டாக. பச்சப் பட்டுச்சேல கட்டிக்கிட்டு, கல்யாண வீட்டுக்குப் போற மாதிரிலா இருந்தாக."

நேற்று சாயங்காலம் எந்த வழியில் வீட்டுக்கு வந்தாளோ, அதே வழியில் திரும்ப ஓடினாள். சீசன் கூட்டம் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. வேன்களின் ஜன்னலில் ஈரத்துண்டுகள் காய்ந்தன, எண்ணெய்த் தலைகள் எட்டிப் பார்த்தன. லேப்பைத் தாண்டும்போது தில்லைநாயகம் அண்ணாச்சி கேட்டில் நின்று கையாட்டினார்.

"கரண்ட் வந்துட்டும்மா. குப்பி எங்க?"

"வந்துக்கிட்டே இருக்கு அண்ணாச்சி," என்று கத்திவிட்டு நிற்காமல் போனாள். அண்ணாச்சி, குப்பிக்குத் தனியாகக் கால் முளைத்துவிட்டதா என்று யோசித்தபடி நின்றிருப்பார், பாவம்.

ஐந்தருவியில் சிப்ஸ் கடைகளுக்கு எதிரே ஒரு கல்லில் பச்சைப் பட்டுச்சேலை தெரிந்தது. ராபியா மாமி குடையை ஈட்டி போல நீட்டிப் பிடித்து ஒரு குரங்கை மிரட்டிக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் அப்துல் மஜீது லெப்பை, ஈரக் கைலியும் தோளில் துண்டுமாக நின்றார். அவர் கையில் குப்பி. அதன் அலுமினிய மூடியை வண்டிச் சாவியால் நெம்பிக்கொண்டிருந்தார்.

"அசரத்து, திறக்காதீங்க," என்று சத்தம் போட்டுக்கொண்டே மாஜிதா படியில் இறங்கினாள்.

லெப்பை சாவியை எடுத்தார். "திறக்க எங்க வருது? நானும் அப்பருந்து நெம்பிப் பாக்கேன்."

மாமி எழுந்தார். மருமகளைப் பார்த்ததும் களவில் அகப்பட்ட மாதிரி ஒரு கணம் விழித்தார், அப்புறம் சமாளித்துக்கொண்டார். "இங்கன என்ன செய்யுத நீ? வேல இல்லையா?"

"அத என்கிட்ட குடுங்க மாமி."

"ஓதிட்டுத் தாரேன். நீ ஒளிச்சு வச்சா எனக்குத் தெரியாதா? நான் ஒன்னும் கேக்க மாட்டேன். ஓதி முடிச்சதும் எடுத்த எடத்துலயே வச்சிருவேன்."

மாஜிதாவுக்கு ஒரு பொய் நாக்கு நுனியில் வந்து நின்றது. டாக்டர் திறக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான். அதைச் சொன்னால் குப்பி பிழைக்கும், மாமியின் ஆசையும் பிழைக்கும், அடுத்த லீவு வரைக்கும் காலம் தள்ளலாம். எவ்வளவு லேசான பொய். சொல்லியும் இருப்பாள். ஆனால் மாமியின் செருப்பு கண்ணில் பட்டது. வார் அறுந்து, எங்கேயோ பொறுக்கிய சணல் கயிறால் கட்டியிருந்தார். அந்தச் செருப்போடு பஸ் ஏறி, ஆட்டோ பிடித்து, இந்த வழுக்குப் பாறையில் வந்து நிற்கிறார். இதற்குமேல் இந்த மனுஷியை ஏமாற்றினால் அது பாவம் என்று மாஜிதாவுக்குத் தோன்றியது.

"அது எனக்கு இல்ல மாமி," என்றாள். "கார்டு சரியா இருக்கான்னு பாக்க வாங்கினது. யாருக்கும் போடுத ஊசி இல்ல."

மாமி அவளையே பார்த்தார். "அப்ப ஒனக்கு ஊசி?"

"இல்ல."

"இனிமே?"

"இனிமேலும் இல்ல மாமி. நானும் அவுகளும் பேசி நிறுத்திட்டோம். ரெண்டு வருசமாச்சு. ஒங்ககிட்ட சொல்லத்தான் பயம்." அவள் மாமியின் கையைப் பிடித்தாள். "என்ன மன்னிச்சிருங்க."

மாமி அப்படியே கல்லில் உட்கார்ந்தார். மிரண்டு ஓடிய குரங்குகூடத் திரும்பி வந்து ஒரு ஓரமாக உட்கார்ந்துகொண்டது. மாஜிதா கண்ணை மூடிக்கொண்டாள்.

"அல்ஹம்துலில்லாஹ்," என்றார் மாமி.

மாஜிதா கண்ணைத் திறந்தாள். "என்ன மாமி?"

"கடேசித் தடவ ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்தேல்லா. நீ துணி மாத்தும்போது பாத்தேன். வயிறெல்லாம் நீலம் நீலமா கன்னிப் போயிருந்துச்சு. அன்னைக்கு எனக்குச் சோறு எறங்கல. இன்னைக்கு இந்தக் குப்பியப் பாத்ததும் ஈரக்குல நடுங்கிட்டு. திரும்பவும் ஆரம்பிச்சுட்டாளேன்னு. போடாதன்னு சொல்ல நான் யாரு, அது ஒங்க ரெண்டு பேரு விருப்பம். போடுததுதான் போடுத, நோவாம இருக்கட்டுமேன்னு ஓத வந்தேன்."

"உண்மைதாம்மா," என்றார் லெப்பை, துண்டால் தலையைத் துவட்டியபடி. "அந்தப் புள்ளைக்கு வலிக்கக் கூடாது, அதுக்கு ஓதுங்கன்னுதான் சொன்னாக. பேரப்புள்ளன்னு ஒரு வார்த்த வாயில வரல."

மாஜிதா அழுதாள். சீசன் கூட்டத்துக்கு நடுவில், சிப்ஸ் கடைக்காரர் பார்க்க, மூக்கு ஒழுக அழுதாள். மாமி பட்டுச்சேலை முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டு, "போதும், சனம் பாக்குது," என்றார். அவர் கண்ணும் நிறைந்துதான் இருந்தது.

லெப்பை துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். குப்பியை நீட்டினார். "அப்ப இதுக்கு ஓத வேண்டாமா?"

மாஜிதா மூக்கை உறிஞ்சினாள். "ஓதுங்க அசரத்து. நாளைக்கு மதுரைக்காரங்க வாராங்க, நல்லபடியா கோடு வரணும். மூடியத் திறக்காம ஓதுங்க."

"மூடி இருந்தா துவா உள்ள போவாதா என்ன," என்று லெப்பை குப்பியை இரண்டு கைக்குள் பொத்திக்கொண்டு ஓதினார். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக ராபியா மாமி, மூடியைத் திறந்து ஊதச் சொல்லி வற்புறுத்தவில்லை.

லேப் போகிற வழிதான் என்பதால் மாமியும் ஸ்கூட்டரில் ஏறிக்கொண்டார். அண்ணாச்சி குப்பியைக் கண்டதும் குழந்தையை வாங்குகிற மாதிரி வாங்கினார். அலுமினிய மூடியின் ஓரத்தில் சாவி கீறிய தடம் இருந்தது, அதற்கு அடியில் இருந்த ரப்பர் அடைப்பு அசையவில்லை. நாளைக்கு அவமானப்படுவதைவிட இன்றைக்கே ஒரு சொட்டுப் பார்த்துவிடுவோம், மீதிக் கரைசலை ஃப்ரிட்ஜில் வைத்தால் நாளைக்கும் ஆகும் என்றார். மாஜிதா கையுறை மாட்டி, ரப்பர் வழியாக ஊசியை இறக்கித் தண்ணீர் விட்டாள். பொடி இருந்த இடம் தெரியாமல் கரைந்தது.

மாமி ஸ்டூலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் வேடிக்கை பார்த்தார். "இத எந்தப் பொம்பளட்ட எடுத்தாக?"

"யாருட்டயும் எடுக்கல மாமி. எலியோட செல்லுல வளத்தது."

"எலியா?" மாமி மூக்கின் மேல் விரலை வைத்தார். "புள்ளத்தாச்சி சத்த எலிட்ட போயா வாங்குதீக? நல்ல வேள, இத நான் ஒனக்குப் போடச் சொல்லல."

கரைசலைத் தண்ணீரில் விட்டு, அதிலிருந்து எடுத்து இன்னொரு தண்ணீரில் விட்டு, மிகக் கொஞ்சமான அளவுக்குக் கொண்டுவந்தாள். கார்டில் சொட்டுவிட்டாள். ஈரம் மெல்ல ஏறியது. ரோஜா நிறத்தில் ஒரு கோடு மங்கலாக எழும்பிப் பிறகு அழுத்தமாக நின்றது. அதற்கு மேல் இன்னொரு கோடு. அண்ணாச்சி பெருமூச்சு விட்டு, எல்லாருக்கும் டீ சொல்ல வெளியே போனார்.

மாமி குனிந்து கார்டைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "ரெண்டு கோடுன்னா இப்படித்தான் இருக்குமா?"

"ஆமா மாமி. நீங்க இந்தக் கார்டப் பாத்ததே இல்லையா?"

"ஒத்தக் கோடு பாத்திருக்கேன்."

மாஜிதா கார்டை மேசையில் வைத்தாள். சிகிச்சை எடுத்த வருஷங்களில் வீட்டில் அவள் பார்த்த கார்டை ஹுஸைஃபாவுக்குக்கூடக் காட்டியதில்லை. ஒவ்வொரு தடவையும் பேப்பரில் நன்றாகச் சுற்றி, குப்பைக் கூடையின் அடியில் தள்ளி, மேலே வெங்காயத் தோலைப் போட்டு மூடிவிட்டுத்தான் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுவாள்.

"எங்க பாத்தீங்க?"

"கூடையத் தினமும் வண்டில கொட்டுதது யாரு? ஒருநாளு பேப்பரு பிரிஞ்சு கெடந்துச்சு. அதுக்குப் பொறவு ஒவ்வொரு மட்டமும் பிரிச்சுப் பாப்பேன். பாத்துட்டு நீ சுத்தின மாதிரியே சுத்தி வச்சிருவேன்." மாமி குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஒன்கிட்ட என்னன்னு கேக்க? ஒனக்குச் சீலா மீனுன்னா உசுருல்லா. அன்னைக்கு அத வறுத்து வைப்பேன். எப்ப வேண்டியிருக்கும்னு தெரியாதே, அதான் வாங்கிப் போட்டே வச்சிருக்கேன்."

மாஜிதாவுக்கு ஒவ்வொரு நாளாக ஞாபகம் வந்தது. சும்மா ஒரு செவ்வாய்க்கிழமை, விருந்தும் இல்லை, விசேஷமும் இல்லை, தட்டு நிறைய மொறுமொறுவென்று வறுத்த மீன். மாமி எதிரே ரசம் சோற்றைப் பிசைந்துகொண்டு, "தின்னு, தின்னு" என்று தன் பங்கையும் அவள் தட்டில் தள்ளிவிடுவார். அவள் கையுறையோடேயே மாமியைக் கட்டிக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து மாமி அவளை விலக்கி, முகத்தைச் சந்தேகமாகப் பார்த்தார். "இந்தக் குப்பியத் தேடும்போது ஃப்ரீசர்ல இருந்த மீன என்ன செஞ்ச?"

மாஜிதா யோசித்தாள். "மேடையில எடுத்துப் போட்டேன்."

"திரும்ப உள்ள வச்சியா?"

"இல்ல மாமி."

"அடுப்படி ஜன்னலு?"

"தெறந்துதான் கெடக்கு."

"நல்லாயிருக்கு. பக்கத்து வீட்டுப் பூனைக்கு இன்னைக்குப் பெருநாளுதான்," என்று ராபியா மாமி அறுந்த செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்தார். "வா, போற வழியில வேற வாங்குவோம்."